வசைச்சொல்லும் பகுத்தறிவும்

மேடையேறிய பேச்சாளர் மாற்றாரைச் சாடுகிறார். அவர்தம் கொள்கையின் குறையை எடுத்துக் காட்டலாம், கொடுத்த வாக்கை மறந்ததைச் சுட்டலாம், கணக்குக் கேட்கலாம். அதற்கெல்லாம் படிப்பு வேண்டும், பொழுது வேண்டும், பொறுமை வேண்டும். எனவே எளிய வழியை நாடுகிறார். "பேடிகள்!" என்று ஒரு சொல்லை எடுத்து வீசுகிறார். கையொலி எழுகிறது. மாற்றார் வீழ்ந்தார் என்று மகிழ்கிறது கூட்டம்.

வீழ்ந்தவர் யார்? மாற்றார் அந்தக் கூட்டத்திலேயே இல்லை. அச்சொல் அவர் செவியில் விழுந்தாலும் நாளை அதனினும் கடிய சொல்லொன்றைத் திருப்பி வீசுவார், அவ்வளவுதான். ஆனால், கூட்டத்தின் ஓரத்தில் திருநங்கை ஒருவர் நின்றிருக்கக் கூடும். கொள்கைப் பற்றால் கொடி தூக்கி வந்த இளைஞன் ஒருவன், தன் உள்ளத்து ஈர்ப்பு பிறரைப் போன்றதன்று என்பதை யாரிடமும் உரைக்க முடியாமல், அந்தக் கையொலியின் நடுவே கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கக் கூடும். குறி வைத்தது ஒருவரை, குத்துண்டவர் வேறொருவர். வில் மட்டும் நம்முடையது!

சாதியின் பெயரை வசையாக்கும் பழக்கத்தை எதிர்த்துப் போரிட்டவர்கள் நாம். ஒருவனைத் தாழ்த்த வேண்டுமானால் அவன் செயலைச் சொல். அவன் பிறப்பைச் சொல்லாதே என்று ஊர்தோறும் உரைத்தவர்கள் நாம். விதவை என்ற சொல்லின் பின்னே எத்தனை கண்ணீர் மறைந்திருக்கிறது என்று எடுத்துக் காட்டியவர்களும் நாமே. அத்தகைய நாம், அலி, பேடி, ஒன்பது என்னும் சொற்கள் நம் பக்கத்திலிருந்து எழும்போது வாய்மூடி இருப்பது எவ்வகையில் முறை? பகைவன் ஏச்சுக்கு மறுப்பெழுதுவது எளிது. நம் பக்கத்து ஏச்சை ஏச்சென்று ஒப்புவதே அரிது. இக்கட்டுரை அந்த அரியதைப் பற்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். திருநங்கை, திருநம்பி என்போர், பிறந்தபோது பிறர் குறித்த பால் தமக்குரியதன்று என்று உணர்ந்து, தம் உள்ளம் உணர்த்தும் பாலில் வாழ்வோர். தன்பாலீர்ப்பு என்பது வேறு. ஆண் ஆணாகவே இருந்து ஆணை விரும்புவதும், பெண் பெண்ணாகவே இருந்து பெண்ணை விரும்புவதும் அது. முன்னது தாம் யார் என்பதைப் பற்றியது. பின்னது தாம் யாரை விரும்புகிறோம் என்பதைப் பற்றியது. ஏசுவோருக்கு இந்த வேறுபாடு தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி ஒரே கழியால் அடிப்பதுதான் அவர்கள் அறிந்த முறை.

அவர்கள் கூறும் காரணங்கள் மூன்று. 'இது நம் பண்பாட்டில் இல்லாதது; மேல்நாட்டிலிருந்து வந்தது' என்பது ஒன்று. 'இயற்கைக்கு மாறானது' என்பது மற்றொன்று. 'இது ஒரு நோய்' என்பது மூன்றாவது. பகுத்தறிவாளர் எந்தக் கூற்றையும் கேட்டவுடனே தள்ளவும் மாட்டார், கொள்ளவும் மாட்டார், உரசிப் பார்ப்பார். உரசுவோம்.

நம் பண்பாட்டில் இல்லையாம்! தமிழின் மிகப் பழைய இலக்கண நூலாகிய தொல்காப்பியத்தைத் திறந்து பாருங்கள். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆண் தன்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் பேசப்படுகிறது. எந்தத் திணையில்? உயர்திணையில்! அப்பெயருக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அது உயர்திணைப் பாலின் ஈறுகளையே கொள்ளும் என்றும், ஆண்பால் ஈறு அதற்குப் பொருந்தாது என்றும் அந்நூல் வகுக்கிறது. மக்கள் என்று எண்ணப்படுவோரே உயர்திணை. ஆகவே, இவர்களும் மக்களே என்பதில் அந்த இலக்கண ஆசிரியருக்கு ஐயம் எழவில்லை. இன்று தெருவில் நிற்பவன், எதிரே வரும் திருநங்கையைப் பார்த்து 'அது வருகிறது' என்கிறான். உயர்திணையை அஃறிணையாக்கும் இவனா பண்பாட்டுக் காவலன்? பண்பாடு கிடக்கட்டும், இலக்கணமே இவனுக்கு எட்டவில்லை!

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடலுள் பேடு என்பதும் ஒன்று. பெண்மைக் கோலத்தில் காமன் ஆடியதாகக் கூறப்படும் ஆடல் அது. மணிமேகலையில், மலர்வனம் நோக்கிச் செல்லும் வழியிலே, புகார் நகரத் தெருவில் பேடிக் கோலத்து ஆடலை மக்கள் கூடிநின்று காண்கின்றனர். பண்பாட்டில் இல்லை என்போர் இவற்றை எங்கே ஒளித்து வைப்பர்?

எனினும், நாம் பழமையைச் சான்றாகக் காட்டுவது பழமையை வழிபடுவதற்காக அன்று. முன்னோர் சொன்னார் என்பதால் ஒன்று சரியாகிவிடாது. அவ்வாறு எண்ணினால் பகுத்தறிவுக்கு வேலை ஏது? தொல்காப்பியர் உயர்திணையில் வைத்தார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த நன்னூலாரோ, பெண்மை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பால் என்றும், ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பால் என்றும் அழகுற வகுத்துவிட்டு, இருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்தார். இடையில் நேர்ந்தது என்ன? இலக்கணம் நுணுகியது, மனம் குறுகியது.

இலக்கியம் இவர்களுக்கு ஆடரங்கைத் தந்தது. அடுக்களையையும் அவைக்களத்தையும் தந்ததா? இல்லை. ஏன், திருக்குறளே எப்படிப் பேசுகிறது? ஆள்வினையுடைமை அதிகாரத்தில், முயற்சி இல்லாதவன் செய்ய எண்ணும் உதவிக்குப் பேடியின் கையிலுள்ள வாள் உவமை. அவையஞ்சாமை அதிகாரத்தில், அவைக்கு அஞ்சுபவன் கற்ற நூலுக்கும் அதே கை, அதே வாள்! இருமுறையும் பயனின்மைக்கு அடையாளம் அந்தக் கை.

வகுப்பறையில் இக்குறள்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நம்முள் பலர். பொருள் கூறும் அந்த நொடியில், மெல்லிய நடையும் மெல்லிய குரலும் உடைய ஒரு மாணவனை நோக்கி நாற்பது பார்வைகள் திரும்பும்; பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடிக்கும். அப்போது ஆசிரியர் என்ன செய்வது? அடுத்த குறளுக்கு விரைந்து செல்வதா? வள்ளுவரையே ஒதுக்கிவிடுவதா? இரண்டும் வேண்டா. 'பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று உரைத்த அதே பெருமகனார், தம் காலத்து வழக்கிலிருந்து இந்த உவமையை எடுத்துக்கொண்டார். உவமை பொய்யானது, அது உணர்த்த வந்த கருத்து மெய்யானது. வாளேந்தும் வலிமை பாலைப் பொறுத்ததன்று' என்று கூறலாமே! குறளைக் கேள்வி கேட்பது குற்றமா? 'வள்ளுவரும் கற்பும்' என்று தலைப்பிட்டே பெரியார் எழுதினாரே! 1949-இல் குறளுக்கு மாநாடு கூட்டியவரும் அவரே. மதிப்பதும் மறுப்பதும் ஒரே அறிவின் இரு கைகள் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இனி, இறக்குமதி எது என்று பார்ப்போம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு, 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. அதன் வேர் எங்கே? 1533-இல், எட்டாம் என்றி அரசன் காலத்தில் இங்கிலாந்தில் பிறந்த சட்டத்தில்! மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது அந்த ஈர்ப்பு அன்று. அதைத் தண்டிக்கும் கழியே வந்தது. இங்கிலாந்தும் வேல்சும் 1967-இல் தம் கழியைக் கீழே போடத் தொடங்கின. நாமோ அரை நூற்றாண்டு கழித்து, 2018 செப்டம்பர் 6-இல், உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கூடித் தீர்ப்பளித்த பின்னரே போட்டோம். வெள்ளையன் போன பிறகும் அவன் கழியை நெஞ்சோடு அணைத்திருந்துவிட்டு, அதற்கு 'நம் பண்பாடு' என்று பெயரும் சூட்டினோம்!

இன்னொரு சட்டத்தையும் நினைவூட்ட வேண்டும். 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தமிழர் மறக்கவில்லை. பிறப்பையே குற்றமாக்கிய சட்டம் அது. 1911-இல் அது விரிக்கப்பட்டபோது சென்னை மாகாணத்திற்கும் பரவியது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிக்கு இரையாயினர். ஆனால், 1871-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இரண்டாவது பகுதி ஒன்றும் இருந்தது என்பதைப் பலர் அறியார். வட இந்தியப் பகுதிகளில் திருநங்கையரைப் போன்றோருக்கு அது பதிவேடு திறந்தது. பதிவேட்டில் பெயர் ஏறியவர் பெண்ணுடையில் தெருவில் தோன்றினாலே சிறை என்றது. உயில் எழுதும் உரிமையையும் பறித்தது. சாதியால் குற்றவாளி, பாலால் குற்றவாளி என இருவகை மக்களை ஒரே ஏட்டில் அடைத்தது அந்த ஆட்சி. முதல் பகுதியை எண்ணிக் கொதிக்கும் நாம், இரண்டாம் பகுதியைப் படித்துச் சிரிக்கலாமா?

இரண்டாவது காரணம், இயற்கைக்கு மாறானது என்பது. நமக்கு நன்கு பழகிய குரல் இது! பெண் படித்தால் இயற்கைக்கு மாறு என்றது. கைம்பெண் மறுமணம் புரிந்தால் மாறு என்றது. 'குடிஅரசு' ஏட்டில் பெரியார் கர்ப்பத்தடையை வலியுறுத்தியபோதும் அதே கூச்சலைத்தான் எழுப்பியது. இயற்கை என்ற சொல்லை இவர்கள் எடுத்தாளும்போதெல்லாம் அதன் உட்பொருள் 'எங்கள் வழக்கம்' என்பதே. மூக்குக் கண்ணாடி இயற்கையா? அம்மைப்பால் இயற்கையா? மெய்யாகவே இயற்கையைக் கேட்டாலும் விடை இவர்களுக்குச் சாதகமாக இல்லை. ஒரே பாலின் இணைவு பறவைகளிலும் விலங்குகளிலுமாக நூற்றுக்கணக்கான இனங்களில் அறிவியலாரால் கண்டறியப்பட்டிருக்கிறது. ஒருவேளை அப்படிக் கண்டறியப்படாவிட்டாலும், மனிதனின் உரிமைக்கு மந்தியின் ஒப்புதல் தேவையில்லை.

மூன்றாவது, நோய் என்பது. நோயா அன்றா என்பதை உரைக்க வேண்டியவர் மருத்துவர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1973-இல் நீக்கியது. உலக நலவாழ்வு நிறுவனம் 1990-இல் நீக்கியது. பால் அடையாளம் பற்றிய பகுதியையும் மனநோய்களின் வரிசையிலிருந்து அது 2019-இல் வேறிடத்திற்கு மாற்றியது. மருத்துவம் கைவிட்ட பின்னரும் மருந்து கொடுப்பேன் என்று வருபவன் யார்? மந்திரவாதிக்கும் அவனுக்கும் என்ன வேறுபாடு? பேயோட்டுவதை எதிர்த்த நாம், 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று பிள்ளைகளை வதைக்கும் புதிய பேயோட்டிகளையும் எதிர்க்கக் கடமைப்பட்டவர்கள்.

மூன்று காரணங்களும் உதிர்ந்தன. ஆனாலும் வசை உதிரவில்லை. ஏன்? அதன் வேர் காரணத்தில் இல்லை. 'ஆண்மை' என்ற வழிபாட்டில் இருக்கிறது. ஆண் என்றால் அஞ்சாமை, பெண் என்றால் அச்சம் என்று முடிவுகட்டிய சமூகத்தில், ஆணாகப் பிறந்தவர் ஒருவர் பெண்ணாக வாழ விழைந்தால், உயர்ந்த இடத்திலிருந்து தானே இறங்கியவராகத் தோன்றுகிறார். அது ஆணாதிக்கத்திற்குப் பொறுக்கவில்லை. அதனால்தான், எதிரியை இழிவுபடுத்த 'புடவை கட்டிக்கொள்', 'வளையல் போட்டுக்கொள்' என்கிறார்கள். பேடி என்ற ஏச்சும் வளையல் என்ற ஏச்சும் உடன்பிறப்புகள். ஒன்று திருநங்கையை அறைகிறது. மற்றொன்று நம் தாயையும் தங்கையையும் அறைகிறது.

இதனைப் பெரியார் 1920களின் இறுதியிலேயே கண்டார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் கடைசிக் கட்டுரைக்கு 'ஆண்மை அழிய வேண்டும்' என்பதே தலைப்பு. வீரமும் துணிவும் ஆணுக்கே உரியன என்று அச்சொல் கற்பிக்கும்வரை பெண்ணுக்கு விடுதலையில்லை என்பது அவர் வாதம். அந்த வாதத்தை இறுதிவரை நடத்திச் செல்வோமாயின் எங்கே போய் நிற்போம்? ஆண்மையே ஒரு கற்பிதமாயின், ஆண்மை 'இழந்தவர்' என்று எவரும் இல்லை. இழப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை! பெரியார் நூலைக் கையில் ஏந்திக்கொண்டு பேடி என்று ஏசுபவர், நூலின் கடைசிக் கட்டுரையை இன்னும் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

'இருக்கட்டும், ஆனால் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் இணைந்து வாழ்வதாவது! அதையும் ஒரு குடும்பம் என்பதா?' என்று நம் தோழர் சிலரே கேட்கின்றனர். அவர்களுக்கு நம் வரலாற்றையே விடையாகத் தருவோம். புரோகிதரை விலக்கி, மந்திரத்தை விலக்கி, மாலை மாற்றிக்கொண்டு மணந்த சுயமரியாதைத் தம்பதியரை இந்நாடு என்னவென்று அழைத்தது? மனைவியை வைப்பு என்றது. மக்களை முறைகேடாகப் பிறந்தோர் என்றது. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1967-இல் அண்ணாவின் அரசு சட்டம் இயற்றிய பிறகே அந்த இழிவு நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் கணவன் மனைவியாக வாழவில்லையா? சட்டம் ஏற்கவில்லை என்பதால் அவர்தம் அன்பு பொய்யாயிற்றா? உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 17-இல் தன்பாலினத்தார் திருமணத்திற்கு ஏற்பளிக்க மறுத்தது. அது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்றது. அந்தத் தீர்ப்பைக் கேட்டு எள்ளி நகைப்பவர், தம் பாட்டனும் பாட்டியும் எந்தச் சட்டத்தின் துணையுமின்றி மணந்தனர் என்பதைக் கேட்டறிந்து வரட்டும், பிறகு நகைக்கட்டும்.

'முதலில் சாதி ஒழியட்டும். இவர்கள் சிறு கூட்டம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று கூறுவோரும் உண்டு. முதலில் நாடு விடுதலை பெறட்டும், சாதியைப் பிறகு பார்க்கலாம் என்று நம்மிடம் கூறியவர்களின் குரலல்லவா இது? அன்று அதை ஏற்காத நாம், இன்று அதையே பிறரிடம் கூறுவது எங்ஙனம்? உரிமைக்குத் தலைக்கணக்கு இல்லை. மேலும், சாதியும் இந்த வசையும் வேறு வேறு கோட்டைகள் அல்ல. யார் யாரை மணக்கலாம் என்று கட்டளையிடும் ஊர்ப் பெரியவனே, யார் யாரை விரும்பலாம் என்றும் கட்டளையிடுகிறான். மகள் வேறு சாதியானை விரும்பினால் அறையில் பூட்டுபவன், மகள் மகளிரை விரும்பினாலும் அதே அறையில், அதே பூட்டால்தான் பூட்டுகிறான்.

'போற்றவும் செய்கிறோமே! கடைவாசலில் வந்து தலையில் கைவைத்து வாழ்த்தினால் நன்மை என்று காசு தருகிறோமே!' என்பாரும் உளர். வாழ்த்துக்குக் காசு கொடுப்பவர், வாடகைக்கு வீடு கொடுப்பாரா? வேலை கொடுப்பாரா? தெய்வத்தன்மை உண்டென்று கைகூப்புவதும், தீண்டத்தகாதவர் என்று கதவடைப்பதும் ஒரே மூடநம்பிக்கையின் இரு முகங்கள். அவர்கள் வேண்டுவது வழிபாடு அன்று. மற்றவருக்குரிய கல்வியும் ஊதியமும் மதிப்பும் மட்டுமே.

நம்பிக்கை தரும் செய்திகள் இல்லாமல் இல்லை. கலைஞர் ஆட்சியில் 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. ஏச்சுச் சொற்கள் புழங்கிய இடத்தில் திருநங்கை என்னும் சொல் குடியேறியது. ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்று கேட்போர், அரிசன் என்றும் சூத்திரன் என்றும் விளிக்கப்பட்டவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும். 2014-இல் உச்சநீதிமன்றம், தம் பால் எதுவென்று உரைக்கும் உரிமை அவரவருக்கே உரியது என்றது. 2019-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்துத் திருமணப் பதிவுக்கு ஆணையிட்டது.

எல்லாவற்றினும் நம் நெஞ்சைத் தொட்டது 2021-இல் நிகழ்ந்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒன்றாக வாழ விரும்பி, வீட்டார்க்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து, காவல்துறையின் தொல்லையிலிருந்து காப்பு வேண்டி உயர்நீதிமன்றத்தை நாடினர். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் தமக்கு முழுதும் விளங்கவில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். உளவியலறிஞர் ஒருவரிடம் மாணவரைப் போல் அமர்ந்து கேட்டறிந்தார். பின்னரே 2021 ஜூன் 7-இல் ஆணை பிறப்பித்தார். தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை அந்த ஆணை தடை செய்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாடு அரசு, இம்மக்களைக் குறிக்கும் மதிப்புடைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவர் ஒருவர் 'எனக்குத் தெரியவில்லை. கற்றுக்கொள்கிறேன்' என்றாரே, அதுதான் பகுத்தறிவு! அறியாமை இழுக்கன்று, அறிய மறுப்பதே இழுக்கு. தெரியாததைத் தெய்வத்தின் மேல் ஏற்றுபவன் பழமைவாதி. தெரியாததை வசையாக்குபவனும் அவனே. சட்டை மட்டும் கறுப்பாக இருந்துவிட்டால் போதுமா?

தோழர்களே! வசைக்கு வசை விடையாகாது. ஏசுபவனை நாம் திருப்பி ஏசினால் அவன் களத்தில் அவன் கருவியோடு ஆடியவர்களாவோம். இரக்கமும் விடையாகாது, இரக்கம் மேலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பது. கேள்வி கேட்பதே நம் விடை. யாரேனும் ஏசினால், 'அச்சொல்லின் பொருள் என்ன? அப்படி இருப்பதில் இழிவு என்ன? விளக்குங்கள்' என்று அமைதியாகக் கேளுங்கள். விளக்கப் புகுந்தவுடன் அவர் தடுமாறுவதைக் காண்பீர்கள். வசை, விளக்கத்தைத் தாங்காது.

அந்தக் கேள்வியை முதலில் நம் மேடையில் கேட்போம். பேச்சாளர் பேடி என்றால் கைதட்டாதிருப்போம். பேச்சு முடிந்ததும் அருகில் சென்று, 'ஐயா, கோழை என்று சொல்லியிருக்கலாமே' என்று எடுத்துரைப்போம். நம் ஏடுகளுக்கு வரும் கதையிலும் கவிதையிலும் அச்சொல் இருந்தால் ஆசிரியர் கோடிட்டுத் திருப்பி அனுப்பட்டும். படிப்பகத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கித் தொல்காப்பியத்தையும் தீர்ப்புகளையும் சேர்த்துப் படிப்போம். பேச வருமாறு அம்மக்களையே அழைப்போம். அவர்களைப் பற்றி நாமே பேசிக்கொண்டிருந்தது போதும். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் அல்லது ஒருத்தி, நாளை நடுங்கும் குரலில் நம்மிடம் உண்மையைக் கூற வந்தால், அதுவரை நாம் பேசிய சொற்கள் அந்தப் பிள்ளைக்குக் கதவாக இருக்க வேண்டும்; சுவராக இருந்துவிடக் கூடாது.

அந்தப் பிள்ளை இன்றே நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.